பத்து எண்ணிப் போடவும்

மூன்றாவது பெட்டியும் நன்றாகத்தான் வேலை செய்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு சாமான் கெட்டுப்போய் வந்தால் பிரித்துப் பார்க்கலாம், கருகின இடத்தைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கெடாமலேயே கெட்டுப்போய்விட்டது என்று திரும்பி வருகிற சாமானை என்னதான் செய்வது? காலையிலிருந்து நூறு தடவை அணைத்து, நூறு தடவை போட்டாயிற்று. நூறு தடவையும் சமர்த்தாகப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தது. போர்டக்காவுக்கு அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

போர்டக்கா என்பது அந்தத் தொழிற்சாலை அவளுக்கு வைத்த பெயர். மூச்சு வாங்கும் நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் பெட்டியை அங்கே செய்கிறார்கள். பெட்டிக்குள் காற்றை அழுத்தும் பம்ப் ஒன்றும், அதை ஆட்டிவைக்கும் மூளையாக உள்ளங்கை அகலத்தில் மின்போர்டு ஒன்றும் இருக்கும். அந்தப் போர்டை வரைந்தவள் இவள்தான். ஆள் குறைத்ததற்கு அப்புறம் சோதிக்கிற வேலையும் இவள் தலையிலேயே விழுந்தது. நாற்பத்தேழு வயதில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, இமை இரண்டும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனத்தன.

சோதனை மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள். அவள் கையெழுத்துதான். 'அணைக்கவும். பத்து எண்ணிப் போடவும்.' இரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் எல்லாரும் உதட்டுக்குள் பத்து எண்ணிக்கொண்டுதான் திரிகிறார்கள். ஈயம் உருக்கிப் போர்டில் ஒட்டும் சால்டரிங் பெண்கள் டீ குடித்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தால், "பத்து எண்ணியாச்சு, எழுந்திருங்கடி" என்று ஒருத்தி சத்தம் போடுவாள். அந்த அளவுக்கு அந்தத் தாள் அங்கே வேதவாக்கு.

அவள் அறிக்கைப் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். 'சோதனை முடிவு: குறை ஏதும் இல்லை.' அடுத்த கட்டம், 'காரணம்'. அதைக் காலியாக விட முடியாது. விட்டால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவான். அவனுக்குத் தொழிற்சாலை வைத்த பெயர் அவசரம். காலையில் குட்மார்னிங் சொல்வதைக்கூட நின்று சொல்ல மாட்டான். நாளை மறுநாள் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் லாரியேறப் போகின்றன, இன்னும் என்ன பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதல் இரண்டு பெட்டிக்கும் எழுதினதையே மூன்றாவதற்கும் மூன்று வாரத்துக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டிருந்தாள். இன்றைக்கு மறுபடி சோதித்ததிலும் மாற்ற ஒன்றுமில்லை. 'காரணம்: இயக்கியவர் தவறு.' கையெழுத்தையும் போட்டாள்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. மூன்றாவது பெட்டிக்குச் சொந்தக்காரரின் மகள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னணியில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பெட்டியை எடுத்துக்கட்டுமா? சரி பண்ணியாச்சா?"

"அதுல குறை எதுவுமே இல்லைங்க. நூறு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்படித்தான் பேப்பர்லயும் போட்டிருந்தீங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அன்னிக்கு வரல மேடம். அப்பா ராத்திரி அணைச்சு வைப்பாரு, காலைல எழுந்து நடக்கிறப்பதான் வேணும்னு டாக்டர் சொன்னதால. அன்னிக்குக் காலைல போட்டாரு, சிவப்பு எரிஞ்சுதாம். நான் வண்டி எடுக்கப் போயிட்டேன். பக்கத்து வீட்டைக் கூப்பிடப் போனவரு மாடிப்படியிலேயே சுருண்டு விழுந்துட்டாரு. நாலு நாள் ஆஸ்பத்திரி. நீங்க எடுத்துட்டுப் போகலாம்னு சொன்னா எடுத்துட்டுப் போறேன்."

நீங்க சொன்னால். போர்டக்கா கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். "வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். காலையில்தான் வரவில்லை. ராத்திரி அணைந்து கிடந்த அந்தப் பெட்டியை அவள் இதுவரை காலையில் முதல் தடவையாகப் போட்டுப் பார்த்ததே இல்லை. அவள் வரும்போதே அது மற்றப் பெட்டிகளோடு எரிந்துகொண்டிருக்கும்.

வீட்டில் அதைச் சொன்னபோது கணவர் சிரித்தார். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், விடியற்காலையில் கிளம்புகிறவர்.

"பெட்டிக்கு என்ன காலை, சாயங்காலம்? அது என்ன நம்ம பொண்ணா, காலைல மட்டும் முறைக்க?"

"நாளைக்கு உங்க கூடவே வர்றேன். ஆறு மணிக்கு முன்னாடி என்னை இறக்கி விட்டுடுங்க."

"நீ ஒருத்தி இல்லாட்டி அந்தக் கம்பெனி விழுந்துடுமாக்கும்."

"அது விழாது. நான்தான் விழுந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துக்கொண்டாள். வாய்க்கொழுப்பாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவ்வளவு அலுப்பு.

மகளைப் பற்றி அவர் சொன்னதில் பொய்யில்லை. பதினாறு வயதுப் பெண்ணை எழுப்புவது அந்த வீட்டில் தனி உத்தியோகம். முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திரைச்சீலை. அதற்கும் அப்புறம்தான் பாதத்தை லேசாகத் தொட வேண்டும். வரிசை மாறினாலோ, எடுத்த எடுப்பில் தோளைப் பிடித்து உலுக்கினாலோ, தொலைந்தது. எழுந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எதுவும் காதில் ஏறாமல் வெறித்துக்கொண்டிருப்பாள். மறுநாள் விடியற்காலை அவசரத்தில் போர்டக்கா உலுக்கித்தான் எழுப்பினாள். "கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ, நாங்க கிளம்பறோம்" என்றதற்கு, அவள் அம்மாவை யாரோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொழிற்சாலைக் கூடத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. காவல்காரர் சாவிக்கொத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். அளவெடுக்கும் கருவிகள் சூடேற அரை மணி நேரம் வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்ததால், காலை ஆறு மணிக்குக் கூடத்தின் எல்லா ஸ்விட்ச்சையும் போட்டுவிடுவது அவர் வேலையாகிவிட்டது. சுவரோரத்தில் சோதனை அலமாரி. அதில் எப்போதும் இருபது பெட்டிகள், வீட்டுக்குக் கொடுக்கிற அதே அடாப்டரோடு. அதையும் அவர்தான் போடுவார். எட்டரை மணிக்கு மற்றவர்கள் வரும்போது இருபதும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். அதற்கு அப்புறம்தான் அணைப்பது, பத்து எண்ணுவது எல்லாம்.

போர்டக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் அலமாரியின் பெரிய ஸ்விட்ச்சை மேலே தட்டினார். பதினேழு பெட்டிகள் பச்சையாயின. மூன்று சிவப்பாகவே நின்றன. அவர் துளிகூட அசராமல் ஸ்விட்ச்சைக் கீழே தட்டினார், உதட்டை அசைத்து எண்ணினார், மறுபடி மேலே தட்டினார். இருபதும் பச்சை. அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"அண்ணே! இப்ப என்ன பண்ணீங்க?"

சாவிக்கொத்து கீழே விழுந்தது. "ஐயோ, அம்மாவா! உயிரே போயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"அந்த மூணு பெட்டி சிவப்பு காட்டுச்சே?"

"அது தினமும் உள்ளதுதானே. முதல் தடவை ரெண்டு மூணு மக்கர் பண்ணும். அணைச்சுப் பத்து எண்ணிப் போட்டா வந்துடும். நீங்கதானே அங்க எழுதி ஒட்டியிருக்கீங்க."

"தினமுமா? எத்தனை நாளா?"

"இந்த மாடல் வந்ததுலேர்ந்து."

"அட கடவுளே. எங்கிட்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

காவல்காரர் குனிந்து சாவியை எடுத்தார். எடுத்துவிட்டும் உடனே நிமிரவில்லை. "காவல்காரன் தொட்டுத்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா நான் எங்கம்மா போவேன்? படிச்சவங்க நீங்க பார்க்கிறப்ப எல்லாம் நல்லா இருக்கு. என் கைப்பட்டா மட்டும் சிவப்பு எரியுது. என் கைதான் சரியில்லையோன்னு நானே நினைச்சுக்கிட்டேன்."

அவர் சொல்லியிருந்தால் போர்டக்கா கட்டாயம் அப்படித்தான் எழுதியிருப்பாள். 'காரணம்' என்ற அந்தக் கட்டத்துக்கு வேறு வார்த்தை அவளிடம் இருந்ததில்லை.

பைகூடக் கீழே வைக்காமல் மூன்றாவது பெட்டியை எடுத்தாள். நேற்று மாலை அணைத்து மேசையிலேயே விட்டது, ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தது. அடாப்டரைச் செருகி ஸ்விட்ச்சைப் போட்டாள். சிவப்பு. அணைத்துப் பத்து எண்ணிப் போட்டாள். பச்சை. கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். போர்டில் இரண்டு ரெகுலேட்டர்கள் உண்டு. அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தை அளவாக இறக்கி, ஒன்று மூளைச் சில்லுக்குக் கொடுக்கும், மற்றது பெட்டியின் முகப்பில் எண் காட்டும் திரைக்கும் மற்ற பரிவாரத்துக்கும் கொடுக்கும். உள்ளே வருவது வெளியே போவதைவிட இம்மியளவு அதிகமாக இருந்தாலே போதும், அப்படிச் சிக்கனமான வகை. ஆனால் அந்த இம்மியும் குறைந்துவிட்டால் கையை விரித்துவிடும். திரைப் பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை காலியாக இருக்கும்போது ரெகுலேட்டர் ஒரே பாய்ச்சலில் எழுந்தால், வந்த மின்சாரம் மொத்தத்தையும் அவையே குடித்துவிடும். அந்த நேரத்தில் மூளைக்குச் சோறு இல்லை. பாதி விழித்து, சிவப்பு விளக்கோடு அப்படியே உறைந்துவிடும். பகலில் பத்து எண்ணுவதற்குள் கெப்பாசிட்டர்கள் எங்கே காலியாகின்றன? பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கும், தாகம் இருக்காது. அதனால்தான் நூற்றுக்கு நூறு பச்சை.

ராத்திரி முழுக்க அணைந்து கிடந்தால் அந்தத் தேக்கம் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கையாலேயே வடித்துப் பார்த்தாள். வடித்துப் போட்டால் சிவப்பு. ஏழு தடவை செய்ததில் ஆறு தடவை சிவப்பு. அலைக்கோட்டை வரைந்து காட்டும் ஸ்கோப்பில், திரைப் பக்கத்துக் கோடு செங்குத்தாக ஏறியது. அதே நொடியில் உள்ளே வரும் கோடு பள்ளத்தில் இறங்கியது. மூளையின் கோடு பாதியில் படுத்துக்கொண்டது. விளக்கவே தேவையில்லை, சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

அவள் முதலில் வரைந்த படத்தில் இது இல்லை. முதலில் மூளை எழ வேண்டும். அது நிமிர்ந்து 'நான் தயார்' என்று ஒரு கம்பி வழியாகச் சொன்ன பிறகுதான் திரை எழ வேண்டும். அதுவும் பையப் பைய ஏறும்படி ஒரு சின்னக் கெப்பாசிட்டரைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். திரை எரிய மூன்று விநாடி ஆனது. அவசரம் கடிகாரத்தைப் பார்த்தான். "மூணு செகண்டா? அக்கா, அதுக்குள்ள பெட்டி செத்துப்போச்சுன்னு நினைச்சுடுவாங்க. போட்ட உடனே எரியணும்" என்றான். அவள் முதல் நாள் வாதாடினாள். இரண்டாம் நாள் கொஞ்சம் வாதாடினாள். மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. காத்திருக்கும் கம்பியை எடுத்தாள், கெப்பாசிட்டரைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள், படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டாள். சொன்னது அவன்தான், ஆனால் பேனா இவள் கையில்தான் இருந்தது. தன் போர்டு எப்படியும் எழுந்துகொள்ளும் என்று நம்பிக்கொண்டு, அந்தப் பத்து எண்ணும் தாளையும் இவளேதான் எழுதி ஒட்டினாள்.

ஒன்பது மணிக்கு அவசரம் வந்தான். அவள் வாயைத் திறக்காமல் பெட்டியைப் போட்டுக் காட்டினாள், ஸ்கோப்பைக் காட்டினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அதிசயமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி பண்ண என்ன ஆகும்?"

"ஒரு கெப்பாசிட்டரை மாத்தணும், ஒரு கம்பி வைக்கணும். எல்லாம் கையால. நானூத்திப் பன்னெண்டு போர்டு. வெளியில போனதையும் திரும்ப வரவழைக்கணும்."

"லாரி நாளைக்கு, அக்கா." அவன் கண்ணைத் தேய்த்தான். அவனும்தான் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. "இதுக்கு இவ்வளவு பண்ணணுமா? ரெண்டாவது தடவை வந்துடுதுல்ல? பெட்டியோட கொடுக்கிற புத்தகத்துல ஒரு வரி மாத்திடலாம். 'சிவப்பு எரிஞ்சா அணைச்சு மறுபடி போடவும்.' ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாம். அந்தப் பொண்ணுக்கு வேற புதுப் பெட்டி கொடுத்து அனுப்பிடுங்க."

"இப்ப புத்தகத்துல என்ன இருக்கு?"

இருவருக்கும் தெரியும். 'சிவப்பு விளக்கு எரிந்தால் மீண்டும் இயக்காதீர்கள். எங்களை அழைக்கவும்.'

"அப்புறம் அந்த அறிக்கை" என்று மென்று விழுங்கினான். "அது அப்படியே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போற பேப்பர். வடிவமைப்புத் தவறுன்னு மாத்தினா படத்தைக் கேப்பாங்க. படத்துல உங்க பேருதான் இருக்கு. என் பேரு எங்கயும் இல்ல. மிரட்டறேன்னு நினைக்காதீங்க அக்கா, உள்ளதைச் சொல்றேன். அடுத்த மாடல் போர்டை உங்க கையில கொடுக்க மாட்டாங்க. வேலையே கூட... யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். அவன் சொன்னதில் அர்த்தமே இல்லை என்று தள்ள முடியாது. ஸ்டிக்கர் ஒட்டலாம். இரண்டாவது தடவை வந்துவிடும். புதுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போய், காலை நீட்டிப் படுக்கலாம். இருபத்து மூன்று வருஷம் உழைத்த உடம்பு சரி என்று சொல் என்று கெஞ்சியது. "சரி" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவன் நிம்மதியாக எழுந்து போனான்.

பத்து மணிக்கு முன்கூடத்தில் அந்தப் பெண் காத்திருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், ஓட்டுநர் சீருடை, கையில் வண்டிச் சாவி. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மதிய நடைக்கு வண்டியெடுக்க வேண்டும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. போர்டக்கா பழைய பெட்டியை ஒரு கையிலும் புதுப் பெட்டியை இன்னொரு கையிலுமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவசரம் கதவோரம் நின்றான்.

"இந்தாங்க, உங்களுக்குப் புதுசாவே ஒண்ணு தர்றோம்" என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? பழசுலதான் குறை இல்லைன்னு சொல்லிட்டீங்களே." அவள் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். மடித்து மடித்து விளிம்பு நைந்திருந்தது. "அப்பாவுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். 'பார்த்தீங்களா, உங்க தப்புதான். இனிமே ஸ்விட்ச் பக்கமே போகக் கூடாது'ன்னு சத்தம் போட்டுட்டேன். ஆஸ்பத்திரில கொடுத்த சிலிண்டரைப் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து திறந்து விடறாங்க. அவங்க வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுக் கட்டில்லயே உட்கார்ந்திருக்காரு."

"நீங்க..."

"கோவத்துல சொல்லிட்டேன் மேடம். படியில கிடந்தவரைப் பார்த்த பயம். இப்ப எப்படிப் போடணும்னு எனக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுங்களேன், அழுத்திப் போடணுமா, மெதுவாப் போடணுமா? ஃபோன்ல படம் பிடிச்சுட்டுப் போறேன். அவரும் பழகிக்கிறேன்னு சொன்னாரு. சுவத்துல இருக்கிற லைட் ஸ்விட்ச்சைப் போட்டுப் போட்டுப் பழகறாரு."

போர்டக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கிழவர் மூச்சு முட்ட முட்ட விளக்கு ஸ்விட்ச்சைத் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். எதற்கு? இவள் ஒரு கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதற்காக. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. புதுப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பழைய பெட்டியின் அடாப்டரைச் சுவரில் செருகினாள். காலையில் கடைசியாக அதை வடித்துத்தான் வைத்திருந்தாள். கதவோரத்திலிருந்து அவசரம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"நீங்களே போடுங்க" என்றாள்.

"எப்படி?"

"எப்படி வேணா."

அந்தப் பெண் ஃபோனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால், குழந்தையைத் தொடுவது போல ஸ்விட்ச்சை அமுக்கினாள். சிவப்பு எரிந்தது. அவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ! நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. நீங்களும் பண்ணல, உங்க அப்பாவும் பண்ணல. புத்தகத்துல போட்டபடிதான் அவரு நடந்திருக்காரு. தப்பு என்னோடது. இந்தப் போர்டை வரைஞ்சவ நான்."

அந்தப் பெண் சிவப்பு விளக்கையே பார்த்தாள். போர்டக்காவே பேசினாள். "காலைல இதுக்குள்ள முதல்ல ஒண்ணு எழணும், அப்புறம் இன்னொண்ணு மெதுவா எழணும். நான் அவசரப்பட்டு ரெண்டையும் ஒண்ணா உலுக்கி எழுப்பிட்டேன். அதனால எதுவும் எழல. எங்க வீட்டுல என் பொண்ணுக்குத் தெரியும் இந்தக் கணக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு." அவள் பெட்டியை அணைத்தாள். "என்னை மன்னிச்சுடுங்க."

நைந்த தாளை வாங்கினாள். 'இயக்கியவர் தவறு' என்பதில் முதல் வார்த்தையை அடித்து, மேலே 'வடிவமைத்தவர்' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். "சார், பேப்பர் மாறிடுச்சு. இன்னொரு பிரதி ஆஸ்பத்திரிக்கு நானே அனுப்பறேன்."

அவசரம் உள்ளே வந்து அந்தத் தாளை வாங்கிப் படித்தான். பிறகு ஃபோனை எடுத்து, "நாளைக்கு லாரி வேண்டாம். நான் சொல்றப்ப அனுப்புங்க" என்றான். மெதுவாகச் சொன்னான். அவன் மெதுவாகப் பேசி அந்தத் தொழிற்சாலையில் யாரும் கேட்டதில்லை.

பேருந்துக்காரப் பெண்ணுக்குத் திட்ட வேண்டும் என்று இருந்திருக்கும். ஆனால் அவள் வீட்டு எண்ணைத்தான் அழுத்தினாள். சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தாள். மணி வெகு நேரம் அடித்தது. அங்கே எடுத்ததும் முதலில் மூச்சு இழுக்கும் சத்தம்தான் கேட்டது.

"அப்பா. நான்தான்பா." அவள் ஃபோனைக் கிட்டே இழுத்தாள். "நீங்க ஒண்ணும் தப்பாப் போடலப்பா. பெட்டிதான் சரியில்ல. இங்க மேடம் சொல்றாங்க. என் கைக்கும் சிவப்புதான் எரிஞ்சுது. நான்தான் உங்களை... நான்தான் தெரியாம..."

மறுமுனையில் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

"அப்போ," என்றார் கிழவர், "அது வந்தா நானே போட்டுக்கலாமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு போர்டக்காவைப் பார்த்தாள். போர்டக்கா ஃபோனுக்குக் குனிந்தாள்.

"தாராளமாப் போடலாம் ஐயா. இன்னிக்கே சரி பண்ணி உங்க பொண்ணுகிட்ட கொடுத்து அனுப்பறேன். ஒண்ணே ஒண்ணு, இனிமே போட்டதும் உடனே எரியாது. மூணு செகண்ட் ஆகும். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"மூணு செகண்டா?" கிழவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அல்லது இருமினார். "நான் மூணு வாரமா உட்கார்ந்திருக்கேன்மா."

போர்டக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் சால்டரிங் மேசையில் உட்கார்ந்தாள். இரும்பு சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் சுவரிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சரி பண்ணின பெட்டியை முதலில் காவல்காரர் கைதான் போட வேண்டும் என்று அவரைக் கூப்பிடச் சொல்லி அனுப்பினாள்.